மடாலயங்கள் வளர்த்த டோஃபு

ஜப்பானியரின் பழந்தலைநகரான கியோட்டோவின் தென்புறத்தே ஃபுஷிமி இனாரி என்றொரு மலைக்கோயில் உள்ளது. அடிவாரம் தொடங்கி உச்சி வரை ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்க, அவற்றின் ஊடே பக்தர்கள் மலையேறுகின்றனர். நெல் விளைவுக்கு அதிதேவதையான இனாரியின் திருத்தலம் அது. கி.பி. 711ஆம் ஆண்டில் தோன்றியது என்பது அக்கோயிலின் மரபுச் செய்தி. வழியெங்கும் கல்லில் வடித்த நரிகள் அமர்ந்திருக்கும். ஒன்று நெற்கதிரைக் கவ்வியிருக்கும். மற்றொன்று களஞ்சியத்தின் திறவுகோலைக் கவ்வியிருக்கும். அங்கே நரி தெய்வமன்று, தெய்வத்தின் தூதர். நம் விநாயகப் பெருமானின் திருவடியில் மூஷிகம் இருப்பதை எண்ணிக்கொண்டால் அந்த உறவு நமக்கு எளிதில் விளங்கும்.

அந்தத் தூதருக்கு மிகவும் உகந்தது என்று அந்நாட்டார் காலங்காலமாகக் கருதிவரும் பண்டம், எண்ணெயில் பொரித்த டோஃபு. பொரித்த டோஃபுவைப் பைபோல் விரித்து உள்ளே சோற்றை அடைத்துச் செய்யும் உணவுக்கு 'இனாரி சுஷி' என்று தெய்வத்தின் பெயரையே இட்டிருக்கின்றனர். பொரித்த டோஃபுவை மேலே இட்ட நூடுல்ஸ் சாற்றுக்கு 'கிட்சுனே உடோன்' என்று பெயர். கிட்சுனே என்றால் நரி. எள்ளுருண்டையும் கொழுக்கட்டையும் நம் தெய்வங்களோடு ஒட்டிக்கொண்டது போலவே, ஓர் உணவு அங்கே கோயிலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று நம் ஊர்ப் பெரிய அங்காடிகளிலும் குளிர்பெட்டியில் 'சோயா பனீர்' என்ற பெயருடன் அந்த வெண்கட்டி கிடைக்கிறது. வாங்கிச் செல்வோரில் பலர் ஒருமுறை சமைத்துப் பார்த்து, சவசவவென்றிருக்கிறது என்று கைவிட்டு விடுகின்றனர். குற்றம் பண்டத்தினுடையதன்று. அதனைப் பனீராக எண்ணிச் சமைப்பதால் வரும் ஏமாற்றம் அது. பனீர், பாலைப் புளிப்பால் திரித்துப் பெறுவது. அதில் நெய்ப்பசையும் பாலின் இனிப்பும் இயல்பாகவே உண்டு. டோஃபுவோ சோயா மொச்சையை ஊறவைத்து அரைத்து, பால் வடித்துக் காய்ச்சி, உப்பு வகை ஒன்றால் திரித்து, துணியில் கட்டிப் பாரம் வைத்துப் பெறுவது. கடல்நீரிலிருந்து உப்பு விளைந்தபின் எஞ்சி நிற்கும் கசப்பு நீரை ஜப்பானியர் இதற்குப் பயன்படுத்துவர். அதன் சாரம் மக்னீசியம் குளோரைடு. சீனர் பெரிதும் ஜிப்சத்தைப் பயன்படுத்துவர். எவ்வாறு செய்தாலும் கிடைப்பது, தனக்கென்று அழுத்தமான சுவை ஏதுமற்ற ஒரு கட்டி. சேர்ந்தாரின் சுவையை ஏற்றுக்கொள்வதே அதன் இயல்பு. ஆகவே அதனைப் பொரிக்கும் முறையும், தொட்டுக்கொள்ளும் சாறும் சரியாக அமையாவிட்டால் அதில் உண்பதற்கு எதுவுமில்லை.

இந்தத் தொட்டுக்கொள்ளும் சாற்றில்தான், விரதம் காக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதற்குமுன் இந்தக் கட்டி யாரால் வளர்ந்தது என்பதைச் சற்றே பார்த்துவிடுவோம்.

துறவியர் கைப்பட்ட உணவு

ஹான் மரபின் முதற் பேரரசருடைய பேரனும் ஹுவாய்நான் பகுதியின் சிற்றரசனுமாகிய லியூ ஆன் என்பவனே டோஃபுவைக் கண்டறிந்தவன் என்பது சீனரின் வழிவழிக் கதை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவன் அவன். சாவா மருந்து தேடியவர்களோடு அவனுக்குத் தொடர்பிருந்ததால், அந்த ஆராய்ச்சியில் தற்செயலாகத் திரிந்ததே டோஃபு என்பர். கதை அழகானது, ஆயினும் எழுத்துச் சான்று கி.பி. பத்தாம் நூற்றாண்டில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. தாவ் கு என்பவர் பெயரில் வழங்கும் ஒரு நூலில், சிக்கனத்தை வலியுறுத்திய ஓர் அதிகாரியின் ஊரில் மக்கள் இறைச்சியை விடுத்து நாள்தோறும் டோஃபு வாங்கினர் என்றும், அதற்கு ஆட்டிறைச்சியின் பெயரையே வேடிக்கையாக இட்டு அழைத்தனர் என்றும் குறிப்பு உண்டு. புலால் இருந்த இடத்தில் பயறு வந்து அமர்ந்த கதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

புலால் மறுத்த பௌத்த மடங்கள் இதனைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டதில் வியப்பில்லை. அங்கிருந்து அது ஜப்பானுக்குச் சென்றது. அந்நாட்டில் இதனைக் குறிக்கும் மிகப் பழைய எழுத்து, நாரா நகரின் கசுகா கோயிலில் 1183ஆம் ஆண்டு இறைவனுக்குப் படைத்த பொருள்களைப் பற்றிய குறிப்பில் இருக்கிறது என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கடைத்தெருக் கணக்கிலோ அரண்மனை விருந்திலோ அன்று, நைவேத்தியப் பட்டியலில்தான் டோஃபு முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

மடங்களின் சமையலுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'ஷோஜின் ரியோரி'. ஷோஜின் என்பது 'வீரியம்' என்னும் வடசொல்லின் மொழிபெயர்ப்பு. தளராத நன்முயற்சி என்பது அதன் பொருள். அந்த மரபில் சமையற்காரர் பதவி மிக உயர்ந்தது. தோகென் என்னும் ஜென் ஆசாரியர் 1237இல் மடத்தின் தலைமைச் சமையற்காரருக்கென்றே ஒரு வழிகாட்டி நூலை இயற்றினார். அரிசி களைவதும் காய் நறுக்குவதும் தியானத்திற்குக் குறைந்தவையல்ல என்பது அவர் நிலை. நம் கோயில் மடைப்பள்ளிகளில் வாய் பேசாமல், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு தளிகை செய்யும் பரிசாரகரைக் கண்டவர்கள் இதனைப் புதிதாகக் கருதமாட்டார்கள்.

கோயா மலை என்றொரு தலமும் இங்கே நினைக்கத்தக்கது. கூகாய் என்னும் ஆசாரியர் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த ஷிங்கோன் மரபின் தலைமைப் பீடம் அது. அங்கே 'கோமா' என்ற பெயரில் இன்றும் அக்கினி வளர்க்கின்றனர். நம் 'ஹோமம்' என்ற சொல்லே கடல் கடந்து அவ்வாறு மருவியது. (அதே மலையில் 'கோமா டோஃபு' என்றொரு பண்டமும் பரிமாறப்படும். இந்தக் 'கோமா' வேறு, எள் என்பது பொருள். அதில் சோயா துளியும் இல்லை. எள்ளுப்பாலையும் ஒருவகைக் கிழங்கு மாவையும் காய்ச்சிக் கிண்டுவது.) குளிர்காலத்தில் டோஃபுவை வெளியே வைத்து உறையவிட்டு, பின் உலர்த்திச் சேமிக்கும் முறைக்கு அம்மலையின் பெயரே நிலைத்துவிட்டது. உறைந்து உருகிய டோஃபு கடற்பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்ததாகி, எந்தச் சாற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். இந்த உத்தி நம் வீட்டு உறைபெட்டியிலும் பலிக்கும். பின்னர் அதற்கு வருவோம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. பிப்ரவரி 8ஆம் நாள் டோக்கியோவின் சென்சோஜி முதலிய தலங்களில் பெண்கள் தாங்கள் தைத்துத் தேய்ந்த, உடைந்த ஊசிகளைக் கொண்டுவந்து ஒரு பெரிய டோஃபுக் கட்டியில் செருகி நன்றி செலுத்துவர். ஆண்டு முழுவதும் கடினமான துணிகளில் உழைத்த ஊசி, இறுதியில் மென்மையான இடத்தில் ஓய்வெடுக்கட்டும் என்பது கருத்து. ஆயுத பூசையில் அரிவாள்மணைக்கும் சந்தனம் இடும் நமக்கு அந்த உள்ளம் புரியும்.

1782இல் ஒசாகாவில் டோஃபுவுக்கென்றே நூறு செய்முறைகள் கொண்ட ஒரு நூல் அச்சாகி, மறு ஆண்டே அதன் தொடர்நூலும் வந்தது என்றால், மடத்துச் சமையல் இல்லங்களுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது என்பதை உணரலாம்.

பினாங்கில் ஒன்பது நாள்

தமிழரும் டோஃபுவும் நெருங்கி வாழும் இடம் மலேசியாவும் சிங்கப்பூரும். அங்கே சீனர்கள் ஆண்டுதோறும் ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் 'ஒன்பது பேரரசத் தெய்வங்கள்' விழாவைக் கொண்டாடுகின்றனர். அமாவாசையை அடுத்துத் தொடங்குவதால், பெரும்பாலான ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு ஒன்றிவிடும். 2023இலும் 2024இலும் இரண்டும் ஒரே நாளில் தொடங்கின. பினாங்குத் தெருக்களில் ஒருபுறம் கொலு, மறுபுறம் வெள்ளுடை தரித்து விரதம் காக்கும் சீன பக்தர்கள். மஞ்சள் கொடி கட்டிய உணவுக்கடைகளில் அந்நாட்களில் புலாலின் சுவடும் இராது. டோஃபுவோ பல உருவங்களில் மலிந்திருக்கும். பூண்டும் வெங்காயமும்கூட விலக்கப்படும்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. சீன பௌத்தர் விலக்கும் ஐந்து கடுமணப் பொருள்களின் பழைய பட்டியலில் பூண்டு, வெங்காய இனங்களுடன் பெருங்காயமும் இடம்பெற்றிருக்கிறது. 'ஹிங்கு' என்ற வடசொல்லே சீன ஒலியில் அங்கே நிற்கிறது. நாமோ பூண்டும் வெங்காயமும் விலக்கிய நாளில் அவற்றின் இடத்தை நிரப்பப் பெருங்காயத்தையே நாடுகிறோம். நோன்பின் நோக்கம் ஒன்றாயினும் அஞ்சறைப்பெட்டி வேறுபடுகிறது.

ஆனால் அந்த ஒன்பது நாள் கழிந்து, மஞ்சள் கொடி இறங்கியபின் நிலைமை வேறு. அதே டோஃபு அதே தட்டில் வரும். பொன்னிறமாகப் பொரிந்திருக்கும். பார்வைக்குச் சைவம். அருகே ஒரு கிண்ணத்தில் சாறு. அந்தச் சாற்றில் மலாய்க்காரர் 'பெலாச்சான்' என்றும் ஜாவாவினர் 'தெராசி' என்றும் சொல்லும் இறால் விழுது கலந்திருக்கலாம். கிழக்கு ஜாவாவில் பொரித்த டோஃபுவுக்குத் துணையாக வரும் கரிய 'பெத்திஸ்' பெரும்பாலும் இறாலின் சாரத்தைக் காய்ச்சி எடுத்ததே. தாய்லாந்திலும் வியட்நாமிலும் உப்புக்குப் பதிலாக மீன் சாறு. சீன உணவகத்தில் சிப்பிச் சாறு. ஜப்பானில், மாவு தடவிப் பொரித்த 'அகெதாஷி டோஃபு' மிதக்கும் தெளிந்த சாறு பொதுவாக உலர்ந்த மீன் சீவலால் ஆனது. மடங்களில் மட்டும் கடற்பாசியும் உலர்காளானும் கொண்டு அதைச் செய்வர்.

பிள்ளைகள் வெளிநாட்டில் பயிலும் குடும்பங்கள் இன்று நம்மிடையே ஏராளம். மாலை அணிந்து ஒரு மண்டலம் நோன்பிருப்பவர், புரட்டாசி முழுதும் புலால் தவிர்ப்பவர், பிறவியிலிருந்தே மரக்கறி உண்பவர் என யாராக இருப்பினும், "டோஃபுதானே, சைவந்தானே" என்ற ஒரு சொல்லில் ஆறுதல் கொண்டு கை நனைத்துவிடுகின்றனர். பரிமாறுபவரும் வஞ்சிக்கவில்லை. அவருக்கு மீன் சாறு என்பது நமக்கு உப்பைப் போல, கணக்கில் வராத பொருள். "இது சைவமா?" என்று கேட்பதைவிட, "சாற்றில் மீனோ இறாலோ உண்டா?" என்று கேட்பதே பயன் தரும். நம் நாட்டில் புட்டி வாங்கும்போது பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அயல்நாட்டில் பொருட்பட்டியலைப் படித்தாக வேண்டும். வொர்செஸ்டர்ஷயர் சாற்றில் மரபாக நெத்திலி வகை மீன் சேர்கிறது. இ631 என்ற எண்ணுடைய சுவையூட்டி மீனிலிருந்தும் வரலாம், தாவர மாவிலிருந்தும் வரலாம். எதிலிருந்து வந்தது என்று எழுதாத புட்டியைத் தவிர்ப்பது நலம்.

இவ்வளவு ஐயப்படுவதைவிட, சாற்றை வீட்டிலேயே செய்துகொள்வது எளிது. நம் அடுக்களையில் அதற்கு வேண்டியவை ஏறக்குறைய அனைத்தும் ஏற்கெனவே இருக்கின்றன.

நீரே பகை

முதலில் பொரிக்கும் முறை. டோஃபுவில் பட்டுப்போல் வழுக்குவது, நடுத்தரம், கெட்டி எனப் பல தரம் உண்டு. மொறுமொறுப்புக்குக் கெட்டி வகையே உகந்தது. கெட்டி என்றாலும் அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர்தான். அந்த நீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், மேற்புறம் சிவக்காது. எண்ணெய் தெறிக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே இந்தச் சமையலில் பாதி வேலை அடுப்பை மூட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

நால்வருக்கு 400 கிராம் கட்டி போதும். அதனை நீரிலிருந்து எடுத்து, தூய மெல்லிய துணியில் சுற்றித் தட்டின் மேல் வைத்து, மேலே ஒரு பலகை, அதன்மேல் ஏறத்தாழ இரண்டு கிலோ பாரம் வைக்கவும். அம்மிக்குழவி இருக்கும் வீட்டில் அதுவே போதும். அரை மணி நேரத்தில் தட்டில் நீர் தேங்கியிருக்கும். அளவு மீறிப் பாரம் ஏற்றினால் கட்டி விண்டுபோகும்.

நேரமில்லாதவர்க்கு வேறொரு வழி உண்டு. கேட்பதற்கு முரணாகத் தோன்றும். துண்டுகளாக நறுக்கி, நன்கு உப்பிட்ட கொதிநீரை அவற்றின்மேல் ஊற்றிப் பதினைந்து நிமிடம் மூழ்கவிட்டு வடித்தால், துண்டின் வெளிப்புறம் இறுகி நீரை வெளிவிடுகிறது. உப்பும் சற்றே உள்ளே சார்கிறது. வடித்தபின் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எனக்கு இந்த முறையே பிடித்தது. பாரம் வைக்கும் முறையில் உப்பு உள்ளே போவதில்லை. வெந்நீர் முறையில் இரண்டு வேலையும் ஒருங்கே முடிகின்றன.

துண்டுகள் இரண்டு விரற்கடை அளவு இருக்கலாம். கத்தியால் வெட்டாமல் கையால் பிட்டுப் போட்டால் ஓரங்கள் சொரசொரப்பாகி, அந்த மேடுபள்ளங்களில் மாவு பற்றிக் கூடுதலாக மொறுமொறுக்கும். பார்வைக்கு ஒழுங்காக இராது. விருந்தினர் முன் வைப்பதற்குத் தயங்குவோர் வெட்டிக்கொள்ளட்டும்.

மாவு தேர்வதில்தான் பலர் தவறுகின்றனர். மைதாவும் கடலை மாவும் இங்கே வேண்டா. கரைத்த மாவில் தோய்த்தால் அது பஜ்ஜியாகிவிடும். பஜ்ஜி நல்லதுதான், ஆனால் வேறு பண்டம். வேண்டுவது உலர்ந்த, புரதம் குறைந்த மாவுச்சத்து. ஜப்பானியர் உருளைக்கிழங்கு மாவைப் பயன்படுத்துவர். நமக்குக் கார்ன்ஃப்ளவர் இரண்டு மேசைக்கரண்டியும், அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டியும், உப்பும் மிளகுத்தூளும் சிட்டிகை அளவும் போதும். கார்ன்ஃப்ளவர் மெல்லிய ஓடாகும். அரிசி மாவு அந்த ஓடு விரைவில் நமத்துப் போகாமல் காக்கும். நம் தட்டையிலும் முறுக்கிலும் அரிசி மாவு செய்யும் அதே வேலை. துண்டுகளை மாவில் புரட்டி, அதிகப்படியானதை உதறி, உடனே எண்ணெயில் இட வேண்டும். புரட்டி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், மாவு நீரை உறிஞ்சிப் பசையாகிவிடும்.

எண்ணெய் மணமில்லாததாகவோ கடலை எண்ணெயாகவோ இருக்கலாம். சூடு 170 முதல் 180 பாகை வரை. அளக்கும் கருவி இல்லாதவர், சிறு துணுக்கு ஒன்றை இட்டுப் பார்க்கலாம். அடியில் தங்காமல் சலசலவென்று குமிழ்விட்டு மேலே வர வேண்டும். ஒரே தடவையில் வாணலியை நிரப்பாமல், தனித்தனியே நிற்கும் அளவுக்கே இடவும். நான்கைந்து நிமிடத்தில் ஓடு இறுகி வெளிர்மஞ்சளாகும். ஜல்லிக்கரண்டியால் எடுத்துக் கம்பித் தட்டில் பரப்பிவிட்டு, மற்ற துண்டுகளையும் அவ்வாறே பொரிக்கவும். எல்லாம் முடிந்தபின் சூட்டைச் சற்றே கூட்டி, அனைத்தையும் மீண்டும் ஒன்றிரண்டு நிமிடம் பொரிக்க வேண்டும். முதற்சுற்றில் உள்ளிருந்து வெளிவந்த ஈரம் இரண்டாம் சுற்றில் பறந்துவிடும். கரண்டியால் அலசும்போது கூழாங்கற்கள் உரசுவது போன்ற ஒலி கேட்டால் பதம் வந்துவிட்டது.

இவ்வளவு எண்ணெய் ஆகாது என்பவர், கனமான தோசைக்கல்லில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தட்டையான துண்டுகளைப் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வேகவிடலாம். அவசரப்பட்டுத் திருப்பக் கூடாது. ஓடு உருவாகும் முன்பு துண்டு கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருவானதும் தானே விடும். அடுமனைப் பெட்டியில் 200 பாகையில் அரை மணி நேரம் வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பினாலும் ஓரளவு மொறுமொறுக்கும். பொரித்ததற்கு ஈடென்று சொல்ல மாட்டேன்.

பொரித்தவற்றை மூடி வைக்காதீர்கள். சாற்றைத் தலையில் ஊற்றாதீர்கள். கிண்ணத்தில் தனியே வைத்து, வாயில் இடும் நொடியில் தொட்டுக்கொள்ள வேண்டும்.

தொட்டுக்கொள்ள நான்கு

முதலாவது, ஜாவாவின் வடகரையிலுள்ள சிரபோன் நகரின் வழி. அங்கே 'தாஹு கெஜ்ரோத்' என்று, பொரித்த டோஃபுவை நறுக்கிச் சிறு மண்தட்டில் இட்டு, புளி, பனைவெல்லம், பச்சைமிளகாய் சேர்ந்த நீர்த்த சாற்றில் நனைத்துத் தருவர். பட்டியலைப் படிக்கும்போதே நமக்கு நாவூறும். நம் புளிமிளகாயின் உறவினர் அல்லவா! அவர்கள் பூண்டும் சின்ன வெங்காயமும் நசுக்கிச் சேர்ப்பர். விரத நாளில் அவற்றை விடுத்து இஞ்சியை நசுக்கிச் சேர்க்கலாம். எலுமிச்சை அளவு புளியை ஒரு குவளை நீரில் கரைத்து வடித்து, 50 கிராம் கருப்பட்டியும் உப்பும் இட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடவும். இறக்கியபின், ஒன்றிரண்டாக இடித்த மூன்று நான்கு பச்சைமிளகாயையும் ஒரு துண்டு இஞ்சியையும் சேர்க்கவும். கொதியில் சேர்த்தால் மிளகாயின் பச்சை மணம் போய்விடும். பிறகு ஒரு தேக்கரண்டி சோயா சாறு. புளிக்காய்ச்சல் போல் கெட்டியாக்க வேண்டா. ரசம் போல் ஓட வேண்டும்.

இரண்டாவது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'தௌஹு கோரெங்' உடன் வரும் நிலக்கடலைச் சாறு. தோல் நீக்கி வறுத்த 100 கிராம் கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளவும். வெந்நீரில் ஊறிய நான்கைந்து காய்ந்த மிளகாயை விழுதாக அரைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் மிதமான சூட்டில் எண்ணெய் பிரியும்வரை வதக்கவும். இந்த இடத்தில்தான் அவ்வூரார் சிலர் இறால் விழுது சேர்ப்பர்; நாம் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் சேர்ப்போம். பின்னர் இரண்டு மேசைக்கரண்டி புளிக்கரைசல், அதே அளவு வெல்லம், ஒரு மேசைக்கரண்டி சோயா சாறு, அரைக் குவளை நீர் விட்டுக் கொதித்ததும் கடலைப்பொடியைத் தூவி இறக்கவும். மெல்லிய வெள்ளரித் துண்டுகளும், வெந்நீரில் போட்டெடுத்த முளைகட்டிய பயறும் அருகே இருப்பது அங்குள்ள வழக்கம். குழந்தைகள் முதலில் விரும்புவது இந்தச் சாற்றையே.

மூன்றாவது எள். வெள்ளை எள் மூன்று மேசைக்கரண்டி எடுத்து வெடிக்கும்வரை வறுத்து, சூடு ஆறியதும் அரைத்து, சோயா சாறு இரண்டு மேசைக்கரண்டி, வெல்லப்பாகு ஒன்று, எலுமிச்சைச் சாறு ஒன்று, வெந்நீர் மூன்று எனச் சேர்த்துக் குழைத்தால் ஜப்பானிய மடத்துச் சமையலின் சாயல் வந்துவிடும். கொதிக்கவிட வேண்டாத சாறு.

நான்காவது மிக எளிது. மூன்று மேசைக்கரண்டி சோயா சாறு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, துருவிய இஞ்சி, சிறிது சர்க்கரை, கீறிய மிளகாய். மேலே சில துளி நல்லெண்ணெய். சீனரின் நல்லெண்ணெய் எள்ளை வறுத்து ஆட்டியது, கருத்த நிறமும் ஓங்கிய மணமும் உடையது. நம் செக்கு எண்ணெய் வேறு. நம்முடையதைச் சேர்ப்பவர் வறுத்த எள்ளைச் சற்றுத் தூவினால் மணம் ஈடாகும்.

சோயா சாறு பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். இரத்த அழுத்தம் உடைய பெரியோர்க்குப் புளிச் சாறே நல்லது. பெரும்பாலான சோயா சாற்றில் கோதுமையும் சேர்கிறது என்பதை, கோதுமை ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டும்.

எந்த நாளுக்கு ஆகும்?

ஏகாதசியில் தானியமும் பருப்பும் விலக்குவோருக்கு டோஃபு ஆகாது. சோயாவும் ஒரு பயறே. அமாவாசை, சிராத்தம் போன்ற நாட்களில் மரபாக வந்த காய்கறிகளையே சமைக்கும் இல்லங்களில் இதனைப் புகுத்த வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் புரட்டாசியிலும் மார்கழியிலும் மண்டல காலத்திலும், "தினமும் சாம்பாரா?" என்று முகம் சுளிக்கும் இளையவர்களுக்கு மாலைச் சிற்றுண்டியாக இது பெரிதும் உதவும். வழக்கமாகப் புலால் உண்டு, நோன்புக்காக நிறுத்தியவர்களுக்குப் புரதம் குறைந்துவிடுமோ என்ற கவலை வருவதுண்டு. கெட்டி டோஃபு 100 கிராமில் 12 முதல் 15 கிராம் வரை புரதம் உள்ளது. உடலுக்கு உணவிலிருந்தே வந்தாக வேண்டிய ஒன்பது அமினோ அமிலங்களும் அதில் உண்டு. தைராய்டு மாத்திரை உட்கொள்வோர், மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிரித்த கட்டியில் மிச்சம் இருந்தால், மூழ்கும் அளவு குடிநீரில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றினால் மூன்று நாள் தாங்கும். புளித்த வாடையோ வழுவழுப்போ தோன்றினால் எறிந்துவிட வேண்டும். அதற்குமேலும் வைத்திருக்க விரும்பினால், கோயா மலைத் துறவியரின் உத்தி இருக்கவே இருக்கிறது. துண்டுகளாக்கி உறைபெட்டியில் ஓர் இரவு வைத்திடுங்கள். நிறம் மஞ்சளாக மாறும். அஞ்ச வேண்டா, உருகியதும் வெண்மை திரும்பிவிடும். உருகியபின் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பஞ்சைப் பிழிவது போல் நீர் முழுதும் வெளியேறும். பாரம் வைக்கும் வேலையே மிச்சம். அவ்வாறு பிழிந்த துண்டுகளைச் சிரபோன் புளிச் சாற்றில் ஒரு கணம் நனைத்துப் பிழிந்து, மாவில் புரட்டிப் பொரித்துப் பாருங்கள். புளிப்பும் காரமும் உள்ளேயே இறங்கியிருப்பதால், அன்றைக்கு மட்டும் தொட்டுக்கொள்ளக் கிண்ணம் வேண்டியிராது.